50 வாட் எப்படி 4 வாட் ஆகிறது? ஹாம் ரேடியோவின் டெசிபல் கணக்கு - எளிய விளக்கம்

டெசிபல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது தீபாவளிப் பட்டாசுதான். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்பது இந்தியாவில் உள்ள விதி. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், ஹாரன் என்று டெசிபல் பற்றிய பேச்சு எல்லாமே சத்தத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

ஆனால் டெசிபல் பிறந்தது டெலிபோன் கம்பியில். நீளமான கம்பி வழியாகப் பேச்சு போகும்போது சிக்னல் எவ்வளவு குறைகிறது என்பதை அமெரிக்காவின் பெல் டெலிபோன் நிறுவனப் பொறியாளர்கள் ஆரம்பத்தில் 'இத்தனை மைல் ஸ்டாண்டர்ட் கேபிளுக்குச் சமமான இழப்பு' என்று கணக்கிட்டார்கள். 1924-ல் அதற்குப் பதிலாக 'டிரான்ஸ்மிஷன் யூனிட்' என்ற புது அளவு வந்தது. 1928-ல் அதற்கு டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரைச் சேர்த்து 'டெசிபல்' என்று பெயர் மாற்றினார்கள். ஆக, கேபிளில் போகிற பவர் எவ்வளவு காலியாகிறது என்று பார்ப்பதற்காகவே பிறந்த அளவு இது.

அந்தப் பழைய கேள்வி இன்றைக்கும் தினசரிப் பிரச்சினையாக இருக்கும் இடம், அமெச்சூர் ரேடியோ எனப்படும் ஹாம் ரேடியோ. தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் நிலையம் நடத்தும் ஹாம்கள் இந்தியாவில் பல ஊர்களில் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தெரிந்தாலும், புயல், வெள்ளம், சுனாமி என்று வரும்போது செல்போன் டவர்கள் செயலிழந்தால் கடைசித் தொடர்பாக நிற்பது இவர்கள்தான்.

அந்த நேரத்தில் செட்டில் 50 வாட் காட்டும். மொட்டை மாடியில் இருக்கும் ஆன்டெனாவுக்கு 4 வாட்தான் போய்ச் சேரும். இப்படி நடக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், டெசிபல் என்றால் என்ன?

வாட், மீட்டர், கிலோ எல்லாம் ஓர் அளவைச் சொல்பவை. டெசிபல் அப்படியல்ல. அது ஒரு ஒப்பீடு. 'இது அதைவிட எத்தனை மடங்கு?' என்ற கேள்விக்கான பதில். இரண்டு பவர்களின் விகிதத்துக்கு லாகரிதம் எடுத்து, 10-ஆல் பெருக்கினால் கிடைப்பது டெசிபல். பிளஸ் 2 கணக்குப் புத்தகத்தைத் தேட வேண்டாம். இந்த நாலு வரி போதும்:

- 3 டெசிபல் கூடினால் பவர் 2 மடங்கு. 3 குறைந்தால் பாதி.
- 6 டெசிபல் கூடினால் 4 மடங்கு. 6 குறைந்தால் கால்வாசி.
- 10 டெசிபல் கூடினால் 10 மடங்கு. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.
- 1 டெசிபல் குறைந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி.

இதை வைத்தே மற்றவற்றைப் பிடித்துவிடலாம். 7 டெசிபல் என்றால்? 10-லிருந்து 3 குறைவு. 10 மடங்கில் பாதி, அதாவது 5 மடங்கு. 13 டெசிபல் என்றால் 10 மடங்கின் இரட்டிப்பு, 20 மடங்கு.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், நேராக சதவீதத்தில் சொல்லக் கூடாதா என்று தோன்றலாம். ஆன்லைன் ஷாப்பிங் ஆஃபரை யோசித்துப் பாருங்கள். 50% தள்ளுபடி, அதற்கு மேல் கார்டுக்கு இன்னொரு 50% தள்ளுபடி என்றால் பொருள் இலவசமாகக் கிடைக்காது. மொத்தத் தள்ளுபடி 75%தான். அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்ட முடியாது, பெருக்கத்தான் வேண்டும். டெசிபலில் இதே கணக்கு '3 போச்சு, இன்னொரு 3 போச்சு, மொத்தம் 6' என்று முடிந்துவிடும்.

ஒரு ரேடியோ நிலையத்தில் கேபிளில் கொஞ்சம், கனெக்டரில் கொஞ்சம், காற்றில் மிக அதிகம் என்று பல இடங்களில் இழப்பு இருக்கும். ஆன்டெனா கொஞ்சம் திருப்பித் தரும். எல்லாவற்றையும் டெசிபலில் எழுதினால் வெறும் கூட்டல், கழித்தல்தான். வீட்டு பட்ஜெட் மாதிரி. இந்தக் கணக்குக்கு 'லிங்க் பட்ஜெட்' என்றே பெயர்.

உங்கள் போனிலேயே இருக்கிறது

டெசிபல் ஒப்பீடு மட்டும்தான் என்றால், எதோடு ஒப்பிடுவது? 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டால் அது 'டிபிஎம்'. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், போனைப் பற்றிய விவரங்களில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால், பெரும்பாலான மாடல்களில் சிக்னல் அளவு '-95 டிபிஎம்' என்பது போலக் காட்டும். மைனஸ் இருப்பதால் தப்பாக ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1 மில்லிவாட்டை விடக் குறைவு என்று மட்டுமே அர்த்தம். -80-க்கும் -110-க்கும் இடையே 30 டெசிபல் வித்தியாசம். பவரில் அது 1,000 மடங்கு.

ஹாம் செட்டுகளையும் இதே அளவில் எழுதலாம். 1 வாட் என்றால் 30 டிபிஎம். கையில் வைத்துப் பேசும் 5 வாட் செட் 37 டிபிஎம். 50 வாட் செட் 47 டிபிஎம். 100 வாட் என்றால் 50 டிபிஎம்.

பவர் எங்கே போகிறது?

செட்டிலிருந்து ஆன்டெனா வரை பவரைக் கொண்டு போவது கோஆக்சியல் கேபிள். டிவி டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் வருமே, அதே வகையறாதான். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதற்கு மேல் பின்னல் கம்பி, வெளியே கறுப்பு உறை. டிவிக்குப் பயன்படுவது 75 ஓம் ரகம், ஹாம் ரேடியோவுக்குப் பெரும்பாலும் 50 ஓம் ரகம்.

இந்தக் கேபிளில் பவர் இரண்டு வழிகளில் சூடாக மாறிக் காலியாகிறது. ஒன்று, கம்பியின் மின்தடை. ஃப்ரீக்வென்சி ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் முழு உடம்பிலும் பாயாமல் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஓடும். ஓடும் இடம் குறுகுவதால் தடை கூடும். இரண்டாவது, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பவரை விழுங்கும். அதனால்தான் ஒரே கேபிள் ஒரு ஃப்ரீக்வென்சியில் நல்ல பிள்ளையாகவும், இன்னொன்றில் பவர் திருடனாகவும் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. நாலு மாடி அப்பார்ட்மென்ட்டின் முதல் மாடியில் ஒரு ஹாம் இருக்கிறார். மொட்டை மாடியில் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரில் ஏறி, கம்பத்தின் உச்சிக்குப் போக 30 மீட்டர் கேபிள் தேவை. செட் 50 வாட். அவர் எந்தக் கேபிளை வாங்கினால் மேலே எவ்வளவு போய்ச் சேரும்?

முதலில் 146 மெகாஹெர்ட்ஸ். ஹாம்கள் 'விஎச்எஃப்' என்று சொல்லும் பேண்ட் இது. இந்தியாவில் 144 முதல் 146 வரை ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

- ஆர்ஜி-58 (சுண்டுவிரலை விட ஒல்லியானது): இழப்பு சுமார் 6 டெசிபல். மேலே போவது 12.5 வாட்.
- ஆர்ஜி-213 (விரல் தடிமன்): இழப்பு சுமார் 2.8 டெசிபல். மேலே போவது 26 வாட்.
- எல்எம்ஆர்-400 (அதே தடிமன், இழப்பு குறைந்த ரகம்): இழப்பு சுமார் 1.5 டெசிபல். மேலே போவது 35 வாட்.

அடுத்து 436 மெகாஹெர்ட்ஸ், அதாவது 'யூஎச்எஃப்'. இங்கே ஹாம்களுக்கு 434 முதல் 438 வரை இடம் உண்டு.

- ஆர்ஜி-58: இழப்பு சுமார் 11 டெசிபல். மேலே போவது 4 வாட்.
- ஆர்ஜி-213: இழப்பு சுமார் 5 டெசிபல். மேலே போவது 16 வாட்.
- எல்எம்ஆர்-400: இழப்பு சுமார் 2.7 டெசிபல். மேலே போவது 27 வாட்.

தலைப்பில் சொன்ன 4 வாட் வந்த வழி இதுதான். 11 டெசிபலை 10 கூட்டல் 1 என்று பிரியுங்கள். 10 போனால் 50 வாட், 5 வாட் ஆகும். இன்னொரு 1 போனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காலி, மிச்சம் 4 வாட். மீதி 46 வாட்டும் சுவரோரம் தொங்கும் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போய்விட்டது.

'சரி, பெரிய செட் வாங்கிட்டா போச்சு' என்று தோன்றுவது இயல்பு. கணக்கு அங்கே உதவாது. அதே ஆர்ஜி-58 கேபிளை வைத்துக்கொண்டு ஆன்டெனாவுக்கு முழுசாக 50 வாட் கொண்டு போக, கீழே சுமார் 630 வாட் வேண்டும். அவ்வளவு பவரை யூஎச்எஃப்-ல் அந்த ஒல்லி கேபிள் தாங்கவும் தாங்காது. 50 வாட் செட்டை 100 வாட் ஆக மாற்றினால் கிடைப்பது 3 டெசிபல். கேபிளை மட்டும் எல்எம்ஆர்-400 ஆக மாற்றினால் கிடைப்பது 8 டெசிபலுக்கும் மேல்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. டெசிபல் இழப்பு நீளத்தோடு நேர் விகிதத்தில் குறையும். 30 மீட்டரில் 11 டெசிபல் என்றால் 15 மீட்டரில் 5.5 டெசிபல். செட்டை முதல் மாடியிலிருந்து நாலாவது மாடி படிக்கட்டுப் பக்கம் நகர்த்தி, கேபிளைப் பாதியாக வெட்டினால், அதே ஆர்ஜி-58-ல் 4 வாட் 14 வாட் ஆகிவிடும். செலவே இல்லாமல் மூன்றரை மடங்கு.

எல்லா இழப்பும் ஆபத்தா?

இல்லை. டெசிபல் கற்றுக்கொண்டதும் பலர் பயந்துபோய் எல்லா கேபிளையும் மாற்றக் கிளம்புவதுண்டு. தேவையில்லை.

வெளிநாடுகளோடு பேசப் பயன்படும் எச்எஃப் பேண்டுகளில் இழப்பு மிகக் குறைவு. 14 மெகாஹெர்ட்ஸில் அதே 30 மீட்டர் ஆர்ஜி-58-ல் இழப்பு சுமார் 1.7 டெசிபல்தான். 100 வாட் அனுப்பினால் 68 வாட் போய்ச் சேரும். 'மூணுல ஒரு பங்கு போச்சே' என்று வாட் கணக்கில் பார்த்தால் பெரிசாகத் தெரியும். கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால்?

ரேடியோ செட்டுகளில் வரும் சிக்னலின் பலத்தைக் காட்ட 'எஸ் மீட்டர்' இருக்கும். எஸ்-1 முதல் எஸ்-9 வரை. சர்வதேச ஹாம் அமைப்புகள் பின்பற்றும் வரையறைப்படி ஒரு எஸ் யூனிட் என்பது 6 டெசிபல். அதாவது அந்த முள் ஒரே ஒரு படி ஏற, அனுப்புபவர் தன் பவரை 4 மடங்காக்க வேண்டும். 100 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போனால் ஒரு படி. 100-லிருந்து 50-க்கு இறங்கினால் அரைப் படி. 1.7 டெசிபல் என்பது கால் படியை விடக் கொஞ்சம் அதிகம். பலமான சிக்னலில் எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

எஸ்-9 என்பதே எச்எஃப்-ல் -73 டிபிஎம். வாட்டில் சொன்னால் ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் 50 பங்கு. 100 வாட் அனுப்பியவரின் சிக்னல் எஸ்-9 ஆக வந்து சேர்ந்தது என்றால் வழியில் 123 டெசிபல் போயிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் கேபிளில் போன 1.7 எம்மாத்திரம்?

விஷயம் மாறுவது விளிம்பில். விஎச்எஃப், யூஎச்எஃப்-ல் ஹாம்கள் பெரும்பாலும் எஃப்எம் முறையில் பேசுகிறார்கள். எஃப்எம்-க்கு ஒரு குணம் உண்டு. சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை குரல் பளிச்சென்று கேட்கும். அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் குரல் மெல்ல மெல்லத் தேயாமல், சட்டென்று இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு 3 டெசிபல் என்பது 'சொல்லுங்க, கேட்குது' என்பதற்கும் வெறும் 'உஸ்ஸ்ஸ்' சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை வாட் போச்சு?' அல்ல. 'எந்த ஃப்ரீக்வென்சியில், எத்தனை டெசிபல் போச்சு, அந்த டெசிபலை இழக்கிற நிலையில் என் சிக்னல் இருக்கிறதா?' என்பதுதான்.

மீட்டர் சொல்லும் பொய்

புது ஹாம்கள் அதிகம் கவலைப்படுவது எஸ்டபிள்யூஆர் பற்றி. ஆன்டெனா செட்டுக்குச் சரியாகப் பொருந்தினால், அனுப்பிய பவர் முழுவதும் ஆன்டெனாவுக்குள் போகும். பொருந்தாவிட்டால் ஒரு பகுதி மோதித் திரும்பி வரும். திரும்பி வருவது எவ்வளவு என்பதை மீட்டர் ஓர் எண்ணாகக் காட்டும். 1 என்றால் கச்சிதம். எண் ஏற ஏறப் பொருத்தம் மோசம்.

1.5 காட்டுகிறதே, 1.1-க்குக் கொண்டு வரணும் என்று நாள் முழுக்க ஆன்டெனாவை வெட்டி ஒட்டுபவர்கள் உண்டு. 1.5-ல் திரும்பி வருவது 4 சதவீதம் மட்டுமே. டெசிபலில் 0.2 கூட இல்லை. 2-ல்கூட 11 சதவீதம்தான், அரை டெசிபல். 6 டெசிபல் கேபிளில் காலியாகும்போது இந்த 0.2-ஐத் துரத்துவது, வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு தேடுவது மாதிரி.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கேபிளில் இழப்பு அதிகமாக இருந்தால், மீட்டர் பொய் சொல்லும்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் எதிரொலி வரும். அதே கிணற்றில் பாதி வரை பஞ்சை அடைத்துவிட்டால்? எதிரொலி வராது. அதற்காக கிணற்றில் அடியே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கேபிளிலும் அதேதான். ஆன்டெனாவில் மோதித் திரும்பும் பவர், வந்த வழியே மறுபடியும் இழப்பைச் சந்தித்துத்தான் கீழே வருகிறது. போகும்போது 6 டெசிபல், திரும்பும்போது 6 டெசிபல், மொத்தம் 12. கீழே இருக்கும் மீட்டருக்குத் தெரிவது மிச்சம் மீதி மட்டுமே.

இதை உச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்க்கலாம். காற்றில் ஆன்டெனா கழன்று விழுந்துவிட்டது. கேபிளின் முனை வெறுமனே தொங்குகிறது. போகும் பவர் முழுவதும் திரும்பி வருகிறது. அப்போது கீழே மீட்டர் காட்ட வேண்டிய எண் முடிவிலி. ஆனால் கேபிளின் இழப்பைப் பொறுத்து அது காட்டுவது:

- கேபிளில் 1 டெசிபல் இழப்பு: எஸ்டபிள்யூஆர் சுமார் 8.7. ஏதோ கோளாறு என்று உடனே தெரியும்.
- 3 டெசிபல் இழப்பு: சுமார் 3. சந்தேகம் வரும்.
- 6 டெசிபல் இழப்பு: சுமார் 1.7. பலர் 'பரவாயில்லை' என்று விட்டுவிடும் எண்.
- 11 டெசிபல் இழப்பு: சுமார் 1.2. 'சூப்பர் ஆன்டெனா!' என்று பாராட்டும் எண்.

ஆன்டெனாவே இல்லாதபோது மீட்டர் 1.2 காட்டுகிறது! எஸ்டபிள்யூஆர் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து நிலையம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பல வருடப் பழைய கேபிளில், ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் திடீரென்று 'நல்லா' ஆகிவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். கனெக்டர் வழியாகத் தண்ணீர் இறங்கி, பின்னல் கம்பி பச்சை பூத்து, இழப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

காதும் முக்கியம்

இதுவரை பார்த்தது அனுப்பும் கதை. அதே கேபிள் வழியாகத்தான் சிக்னல் உள்ளேயும் வர வேண்டும். 11 டெசிபல் போகும்போது மட்டுமல்ல, வரும்போதும் போகும். அனுப்பும் பக்கம் பெரிய ஆம்ப்ளிஃபையர் போட்டுச் சமாளித்தாலும், கேட்கும் பக்கத்துக்கு அது உதவாது.

எல்லோருக்கும் இவர் குரல் கணீரென்று கேட்கும். இவருக்கு யார் குரலும் கேட்காது. இப்படிப்பட்ட நிலையங்களுக்கு ஆங்கிலம் பேசும் ஹாம்கள் வைத்த பட்டப்பெயர் 'அலிகேட்டர்'. வாய் பெரிசு, காது சிறிசு!

இங்கேயும் ஃப்ரீக்வென்சியைப் பார்க்க வேண்டும். எச்எஃப்-ல் வானத்திலிருந்தும், இடி மின்னலிலிருந்தும், பக்கத்து வீட்டு எல்இடி பல்பிலிருந்தும் இரைச்சல் தாராளமாக உள்ளே வருகிறது. கேபிள் 2 டெசிபல் தின்றால் சிக்னலும் 2 குறையும், இரைச்சலும் 2 குறையும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருப்பதால் கேட்பதில் வித்தியாசம் இல்லை. யூஎச்எஃப்-ல் வெளி இரைச்சல் குறைவு. அங்கே தடையாக இருப்பது செட்டின் சொந்த இரைச்சல். கேபிளில் சிக்னல் குறைந்தாலும் அந்த உள் இரைச்சல் குறையாது. எனவே கேபிளில் போகும் ஒவ்வொரு டெசிபலும் நேராகக் காதில் அடிக்கும். பலவீனமான சிக்னல்களைத் தேடுபவர்கள் ப்ரீ ஆம்ப்ளிஃபையரைச் செட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், கம்பத்தின் உச்சியில் ஆன்டெனாவுக்குக் கீழேயே வைப்பது இதனால்தான். கேபிளில் தொலைந்த பிறகு பெருக்கினால், சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

விண்வெளியிலிருந்து 1 வாட்

ஹாம்களுக்காகவே இஸ்ரோ ஒரு செயற்கைக்கோள் அனுப்பியது பலருக்குத் தெரியாது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் சென்ற ஹாம்சாட் அது. சுமார் 42 கிலோ எடை. பூமியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் சுற்றியது. ஹாம்கள் 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அதை வாங்கி 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். 2014 வரை இயங்கியது. அதன் டிரான்ஸ்பாண்டரின் பவர், ஒரு சின்ன வாக்கி-டாக்கி அளவுக்கு, சுமார் 1 வாட்தான்.

லிங்க் பட்ஜெட் போட்டுப் பார்க்கலாம். 1 வாட் என்றால் 30 டிபிஎம். தலைக்கு நேர் மேலே, 630 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் இருக்கும்போது, 145 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வெட்டவெளியில் இழப்பது சுமார் 132 டெசிபல். 30-லிருந்து 132-ஐக் கழித்தால் -102 டிபிஎம். ஆன்டெனாவின் உதவியை இன்னும் சேர்க்கவே இல்லை. உங்கள் போன் 'சிக்னல் வீக்' என்று புலம்பும் அளவுதான், ஆனால் ஒரு நல்ல ரிசீவருக்கு இது போதும். கையில் பிடிக்கும் சின்ன யாகி ஆன்டெனா, ஒரு மீட்டர் கேபிள், இவ்வளவு இருந்தாலே ஹாம்சாட்டைக் கேட்க முடிந்தது. அந்தக் குட்டிக் கேபிளில் இழப்பு அநேகமாகப் பூஜ்யம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பேட்டரியில் ஓடும்போது

2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அரிதாகவே அனுமதி கிடைக்கும் இடத்திலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் திட்டம். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தீவின் வழக்கமான தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த ரேடியோ செட்டுகள், தீவில் இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே கொண்டுபோகும் வழியாக மாறின.

பேரிடரில் கரண்ட் இருக்காது. கார் பேட்டரி அல்லது இன்வெர்ட்டர் பேட்டரிதான் துணை. அங்கே இழந்த டெசிபல் என்பது இழந்த பேட்டரி நேரம். முன்பு பார்த்த 146 மெகாஹெர்ட்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஜி-58-ல் ஆன்டெனாவுக்கு 12.5 வாட் கொண்டு போகச் செட்டை 50 வாட்டில் ஓட்ட வேண்டும். எல்எம்ஆர்-400-ல் அதே 12.5 வாட்டுக்குச் செட்டில் 18 வாட் போதும். எதிர்முனையில் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டிய பேட்டரிக்கு அது பெரிய வித்தியாசம்.

என்ன செய்யலாம்?

- கேபிளைக் குறையுங்கள்: தேவையான நீளத்துக்கு மேல் சுருட்டி வைத்திருக்கும் கேபிளும் பவரைத் தின்னும். செட்டை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள்.
- பேண்டைப் பார்த்து வாங்குங்கள்: எச்எஃப்-க்கு மட்டும் என்றால் ஆர்ஜி-58-ஏ சமாளிக்கும். விஎச்எஃப், யூஎச்எஃப்-க்கு நீளம் அதிகமென்றால் தடிமனான, இழப்பு குறைந்த கேபிளுக்குச் செலவு செய்யலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், '30 மீட்டரில், என் ஃப்ரீக்வென்சியில் எத்தனை டெசிபல்?' என்று டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.
- நேரடியாக அளந்து பாருங்கள்: கேபிளின் மேல் முனையில் ஆன்டெனாவைக் கழற்றி, பவர் மீட்டரையும் டம்மி லோடையும் மாட்டுங்கள். கீழே 50 வாட் அனுப்பி மேலே 25 வந்தால் 3 டெசிபல். 12 வந்தால் 6. வருடம் ஒரு முறை இதைக் குறித்துவைத்தால், கேபிள் கெடுவது முன்கூட்டியே தெரியும்.
- தண்ணீரைத் தடுங்கள்: மொட்டை மாடி கனெக்டர்களை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கமாகச் சுற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.
- ஆன்டெனா விளம்பரத்தில் கவனம்: ஆன்டெனாவின் பலத்தை 'டிபிஐ' என்றும் 'டிபிடி' என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். முதலாவது, எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பீடு. இரண்டாவது, சாதாரண டைபோலோடு ஒப்பீடு. ஒரே ஆன்டெனாவுக்கு டிபிஐ எண் 2.15 கூடுதலாக இருக்கும். எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் வெறும் 'டெசிபல்' என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.
- பெரிய செட்டைக் கடைசியில் யோசியுங்கள்: நல்ல கேபிளும், உயரத்தில் வைத்த நல்ல ஆன்டெனாவும் பேச்சுக்கும் காதுக்கும் சேர்த்து உதவும். கூடுதல் வாட் பேச்சுக்கு மட்டும்தான்.

ஹாம் ஆக ஆசை வந்திருந்தால் ஒரு விஷயம். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். 12 வயது நிரம்பியவர்கள், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் நடக்கும் ஏஎஸ்ஓசி தேர்வை எழுதி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வில் எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்கப்படும். டெசிபலுக்கு 3, 6, 10 என்ற மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாலே மீதியைப் போகிற வழியில் போட்டுவிடலாம்.